நம்புநாயகி வள்ளத்தின் அடியில் ஒரு குட்டி

பங்குனி 19, வியாழக்கிழமை
கடலில், வள்ளத்தில் இருந்து

அன்பு மகள் சேதுமதிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் கொல்லையில் உள்ள முருங்கையும் சுகம். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் சுகமாக இருக்க நம்புநாயகி அம்மன் கண் திறந்து பார்க்கட்டும். மேலே உள்ள எழுத்தைப் பார்த்து யார் எழுதிக் கொடுத்தது என்று நீ நினைப்பாய். யாரும் இல்லை அம்மா, நானேதான். அறுபத்தெட்டு வயதில் பேனா பிடித்து, வரி கோணாமல் இருக்க அட்டையை அடியில் வைத்து, மூன்று நாளாக எழுதுகிறேன். கார்த்திகையில் சமுதாயக் கூடத்தில் எழுத்தறிவு வகுப்பு தொடங்கியபோது நீதான் போனில் போங்கப்பா போங்கப்பா என்று விரட்டினாய். முதல் கடிதம் உனக்குத்தான் என்று அன்றைக்கே சொன்னேன். என் பெயரை எழுதிவிட்டு அதையே நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றால் நம்புவாயா. உன் அம்மா, "என்னமோ பேரப்பிள்ளய பாக்குற மாதிரி பாக்குறீக" என்று சிரித்தாள். ஆனால் சேதி அது இல்லை. போனில் சொல்லலாம் என்று இரண்டு முறை எடுத்தேன், பாதியில் உன் அம்மா பிடுங்கி அழ ஆரம்பித்துவிடுகிறாள், நீயும் ஒன்றும் புரியாமல் என்னப்பா என்னப்பா என்று பதறுகிறாய். அதனால் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். எழுத்து ஆடியிருந்தால் அலை என்று நினைத்துக்கொள்.

போன மாதம் கடைசியில் திருக்கை நன்றாக ஓடியது. நானும் உன் பூமி மாமாவும் திருக்கை வலை எடுத்துக்கொண்டு போனோம். கடல்தாழைப் புல் முளைத்திருக்கிற பக்கம் திருக்கை வலை விடக்கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு, உனக்குத் தெரியும், வனத்துறைக்காரர்கள் கடல்பசு என்பார்களே, அந்த ஆவுளியா அங்கேதான் மேய வரும், வலையில் சிக்கினால் மூச்சுக்கு மேலே வர முடியாமல் செத்துப்போகும். அதனால் தாழைக்கு வெளியே மணலில் விடுவதுதான் வழக்கம். நான் எப்போதும் போல கணியம் பார்த்தேன். பள்ளிவாசல் மினாராவும் ஒற்றைப் பனையும் ஒரே கோட்டில் வந்தால் நாம் மணல் மேல் நிற்கிறோம். முப்பது வருஷமாக அந்தக் கணியம் என்னை ஏமாற்றியது கிடையாது. பூமி செல்போனை நீட்டி, "அத்தான், ஜி.பி.எஸ். வேற இடத்தக் காட்டுது, ஒருதரம் பாருங்க" என்றான். நான் பார்க்கவில்லை. "ஒங்க அக்கா கழுத்துல தாலி கட்டுனதுலேருந்து இந்தக் கடல்ல வல விடுறேன், எனக்கு அந்தக் கண்ணாடிச் சில்லு வழி சொல்லுதாக்கும்" என்று அவன் வாயை அடைத்தேன். அவனும், "சரி, அத்தான் கண்ணுதான் ஜி.பி.எஸ்., விடுங்க" என்று வலையை இறக்கிவிட்டான். அந்த ஒற்றைப் பனையை ரோடு அகலப்படுத்துகிறோம் என்று முந்தின வாரமே வெட்டியிருக்கிறார்கள் அம்மா, எனக்குத் தெரியாது. நான் பார்த்தது அதற்குத் தெற்கே நிற்கிற வேறு பனை. வெயில் சாய்ந்த நேரம், எல்லாப் பனையும் ஒரே கறுப்பு. வலை முழுக்கத் தாழை மேல் போய் விழுந்தது.

விடிந்து போய் இழுத்தால் வலை வரவே இல்லை. பெரிய திருக்கை என்று எனக்குச் சந்தோஷம், பாட்டுக்கூடப் பாடினேன், அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. மேலே வந்தது ஆவுளியா. செத்து நேரம் ஆகியிருந்தது. கண் சின்னதாக, தூங்குகிற மாதிரி மூடியிருந்தது, மூக்கு மேலே வர எவ்வளவு முட்டியிருந்தால் முகத்தில் அத்தனை சுற்று வலை சுற்றியிருக்கும். பூமிக்கு முகம் வெளுத்துப்போனது. "அத்தான், நாம பாக்கல. ஒண்ணும் பாக்கல. கல்லக் கட்டி எறக்கிருவோம்" என்றான். நம் ஆட்கள் இப்படி ஆனால் அதைத்தான் செய்வார்கள், கேஸ் வரும், படகு போகும் என்கிற பயம். நானும் செய்தேன். நங்கூரக் கல்லை வாலில் கட்டியது என் கைதான், அவனை ஒன்றும் சொல்லாதே. திரும்பி வரும்போது வள்ளத்தின் அடியில் ஏதோ முட்டியது. மறுபடியும் முட்டியது. ஆமை என்று நினைத்துக் கழியை விட்டுக் குத்தித் தள்ளினேன். மெத்தென்று இருந்தது. அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள், பின்னால் வருகிறேன்.

கல் நிற்கவில்லை. மூன்றாம் நாள் உடம்பு ஊதி மிதந்து நம் கரைக்கே வந்து ஒதுங்கிவிட்டது. ஊரே கூடிவிட்டது, வனத்துறையிலிருந்து ரேஞ்சர் அம்மாவும் ஒரு டாக்டரும் வந்தார்கள். ஊர்த் தலைவர் சிங்கதுரை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பூமி அவரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறான். அவர், "கூரியண்ணே, போன வருசம்தான் ஒரு ஆவுளியாவ வலைய அறுத்து விட்டோம்னு நம்ம ஊருக்குச் சான்றிதழ் குடுத்தாக. இப்ப நம்ம வலைல செத்துச்சுன்னு தெரிஞ்சா தாழப் பக்கமே வல போகக்கூடாதுன்டுருவாக, ஊரு வயித்துல மண்ணு. தெக்க உள்ள விசைப்படகு மோதிருச்சுன்னு எழுதியாச்சு, நீங்க பாத்த சாச்சி, கையெழுத்து மட்டும் போடுங்க" என்றார். வாலில் இருந்த கயிற்றுத் தடத்துக்கும், கரைக்கு இழுக்கக் கட்டினது என்று பதில் தயாராக வைத்திருந்தார். நானும் தலையை ஆட்டினேன். உண்மையைச் சொன்னால், மகளே, காகிதத்தில் கையெழுத்துப் போடப் போகிறோம், கைநாட்டு இல்லை, என்று உள்ளுக்குள் ஒரு சின்ன ஆசைகூட இருந்தது. அப்படிப்பட்ட ஆள்தான் உன் அப்பன்.

பேனாவைக் கையில் வாங்கும்போது டாக்டர் அந்த உடம்பைப் புரட்டினார். அதற்குக் கை மாதிரி ஒரு துடுப்பு இருக்கும், அதன் அக்குளில் அமுக்கினார். பால் வந்தது. நான் சொல்வது புரிகிறதா சேதுமதி, செத்து மூன்று நாள் ஆன உடம்பிலிருந்து பால் வந்தது, மணலில் வெள்ளையாக ஓடியது. பொம்பளைகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். டாக்டர், "குட்டி இருக்கு. பால்குடி மறக்காத குட்டி. எங்க செத்துச்சுன்னு தெரிஞ்சா அங்கதான் சுத்திக்கிட்டு இருக்கும், இன்னும் ரெண்டு மூணு நாளைக்கு மேல தாங்காது" என்றார். வள்ளத்தின் அடியில் முட்டியது எது என்று அந்த நொடியில் தெரிந்துவிட்டது. தாயைக் கல் கட்டி இறக்கிவிட்டு, பிள்ளையைக் கழியால் குத்தித் தள்ளியிருக்கிறேன்.

தலைவர் காகிதத்தை என் மூக்கு வரைக்கும் நீட்டினார். நான் படிக்க ஆரம்பித்தேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், ஒவ்வொரு வார்த்தையாக விரல் வைத்துப் படித்தேன், வெயிலில் எல்லோரும் நின்றார்கள். "படிக்கிறதெல்லாம் வகுப்புல வச்சுக்கங்கண்ணே" என்று ஒருவன் பின்னாலிருந்து சொன்னான், நாலு பேர் சிரித்தார்கள். கரையிலிருந்து பன்னிரண்டு மைல் தெற்கே விசைப்படகு மோதி இறந்ததைக் கண்ணால் கண்டேன் என்று எழுதியிருந்தது, அதற்குக் கீழே என் பெயர். நான் சொல்லாத பேச்சு என் பெயருக்கு மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. இதுவரைக்கும் எத்தனை காகிதத்தில் கட்டைவிரலை ஒற்றியிருப்பேன், அதில் எல்லாம் என்ன எழுதியிருந்ததோ, யார் தலையில் என்ன விழுந்ததோ, ஒன்றும் தெரியாமலே இத்தனை வயது ஓடிவிட்டது. அதை நினைத்து ஒரு பக்கம் திகைப்பு. இன்னொரு பக்கம், இந்தக் காகிதத்தை நம்பிக் குட்டியைத் தேடினால் பன்னிரண்டு மைல் தெற்கே போய்த் தேடுவார்கள், குட்டி இங்கே நம் தாழையில் செத்துக் கிடக்கும். நான் பேனாவைத் திருப்பிக் கொடுத்தேன். தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு, "நாலெழுத்துப் படிச்சதும் வக்கீலாயிட்டீகளாக்கும்" என்றார். "இல்ல தலைவரே, இதுல எடம் தப்பா இருக்கு" என்றேன். அதற்குப் பிறகு ரேஞ்சர் அம்மாவிடம் போய், "தாயி, அது செத்தது என் வலைல. கல்லு கட்டுனதும் நான்தான். எடம் எனக்குத் தெரியும், நேரத்த வீணாக்காம வாங்க" என்றேன். வாக்குமூலத்தை நான் சொல்லச் சொல்ல எழுதி, நம் வள்ளத்தைத் தள்ளி இறக்கி அதில் போகும்போதே படித்துக் காட்டினார்கள், நானும் ஒருமுறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். என் முதல் கையெழுத்து அதில்தான் விழுந்தது. சந்தோஷமாகப் போட வேண்டும் என்று எத்தனை நாள் பழகின கையெழுத்து.

கூடவே வந்த வனத்துறைப் படகு இரண்டு மணி நேரம் தாழையைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒன்றும் இல்லை. டாக்டர் தலையை அசைத்துவிட்டார். பூமிதான், அழுதுகொண்டே என்கூட வந்திருந்தான், "அத்தான், எஞ்சின நிப்பாட்டிட்டு வல விட்ட எடத்துல சும்மா நில்லுங்க" என்றான். செல்போனைப் பார்த்து அவனே இடத்தைச் சொன்னான், நான் அவன் சொன்ன பக்கமே வள்ளத்தைத் திருப்பினேன். எஞ்சினை அணைத்து நின்றோம். கொஞ்ச நேரத்தில் அடியில் முட்டியது. அதே மெத்தென்ற முட்டு. நம் வள்ளத்தின் அடிவயிற்றில் போய் ஒட்டிக்கொண்டு மூஞ்சியால் தடவிப் பால் தேடுகிறது. டாக்டர் சொன்னார், குட்டி தாயின் அடியிலும் பக்கத்திலும் ஒட்டியேதான் நீந்துமாம், தாயைக் காணோம் என்றால் பெரிதாக எது மிதந்தாலும் அதைத் தாய் என்று நினைக்குமாம். மூன்று நாளாக இந்த வள்ளத்தை அது தேடியிருக்கிறது, நாங்கள் பயந்துபோய் வள்ளத்தைக் கரையில் ஏற்றி வைத்திருக்கிறோம். குட்டியின் தோளில் ஒரு சிராய்ப்பு இருந்தது. எதனால் என்று டாக்டர் கேட்டார். கழி என்று சொன்னேன்.

இப்போது நம் வள்ளம் வழக்குச் சொத்து. கேஸ் எழுதியாகிவிட்டது, சித்திரை பத்தாம் தேதி கோர்ட்டுக்குப் போக வேண்டும், நீ பயப்படாதே, ஓடியும் வராதே. வழக்குச் சொத்தை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். கொண்டுபோனால் குட்டி எதன்கீழே போகும். ரேஞ்சர் அம்மா பெரிய ஆபீசருக்கெல்லாம் பேசி, வள்ளம் தாழையிலேயே நங்கூரம் போட்டு நிற்கட்டும் என்று எழுத்தில் வாங்கிவிட்டார். வேறு படகைக் கட்டிப் பார்த்தார்கள், குட்டி அதன்கீழே வரமாட்டேன் என்கிறது. அதனால் பகலில் நான், இருட்டினால் வனத்துறை ஆட்கள் என்று காவல். டாக்டர் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை வந்து தண்ணீரில் இறங்கி நீளக் குழாயில் பால் கொடுக்கிறார். முதல் இரண்டு நாள் துப்பிவிட்டது. மூன்றாம் நாளிலிருந்து குடிக்கிறது. நேற்றுத் தாழையில் இரண்டு இலையைக் கடித்து மென்றது, நான் எழுந்து நின்று கத்திவிட்டேன், வள்ளம் ஆடிப்போனது. ஆனால் பிழைக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை. கேட்டால், "இன்னிக்குக் குடிச்சிருச்சு பெரியவரே" என்று மட்டும் சொல்கிறார். பொட்டைக் குட்டி. உன் அம்மா அன்றைக்கு அழுத அழுகையில் வீடு தாங்கவில்லை, தலைவர் வீட்டுக்காரி பேசுவதில்லை, தண்ணீர்க் குழாயில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள் என்று. நேற்றுச் சோற்றுத் தூக்கோடு பூமி கூடவே உன் அம்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "எம்பேரு வச்ச படகுக்கு ஒரு பொட்டப்பிள்ள, ஒங்களுக்கு ஒரு கேசு. நல்லா சம்பாரிச்சீக" என்றாள். நம்புநாயகி என்று அம்மன் பெயரல்லவா வைத்தது என்றேன். "அம்மனா வந்து ஒங்களுக்கு நண்டுக் கொழம்பு வச்சுக் குடுத்தா" என்று கேட்டாள். பிறகு குனிந்து தண்ணீரில் கையை விட்டு வைத்திருந்தாள், ரொம்ப நேரம். தலைவரும் நேற்று மாலை அவர் படகில் இந்தப் பக்கமாகப் போனார். கிட்டே வந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டுத் துடுப்பு போட்டுப் போனார்.

மாப்பிள்ளையிடம் எதையும் மறைக்காதே, நான் சொன்னபடியே சொல். அவர் வீட்டில் ஏதாவது பேசினால் பேசட்டும். நீ ஆஸ்பத்திரி வேலைக்குத் திரும்பிவிட்டாய் என்று அம்மா சொன்னாள், எத்தனை அவசரமாக இருந்தாலும் பயலுக்கு நேரத்துக்குப் பால் கொடுத்துவிட்டுப் போ, அவன் அழுகிறானா தேடுகிறானா என்று பார்த்துக்கொள், இரண்டும் வேறு வேறு. இது இதற்கு முன் எனக்குத் தெரியாது.

கடிதத்தை முடிக்க வேண்டும், வெளிச்சம் குறைகிறது. உனக்கு ஒரு சேதி. நான் எவ்வளவு மெதுவாக எழுதுகிறேன் என்று வகுப்பில் எல்லோரும் கேலி செய்வார்கள். இந்தக் குட்டி ஒருமுறை மூச்சு விட்டு மறுமுறை மேலே வருவதற்குள் என்னால் சரியாக ஐந்து வார்த்தை எழுத முடியும். மூன்று நாளாக அப்படித்தான் எழுதுகிறேன், ஐந்து வார்த்தை, ஒரு மூச்சு. நீ படிக்கிற இந்தக் காகிதம் முழுக்க அதன் மூச்சு. இப்போது பத்து வார்த்தை ஆகிவிட்டது, அது இன்னும் வரவில்லை. பதினைந்தும் ஆகிவிட்டது. அடியிலும் முட்டவில்லை. பேனாவை வைத்துவிட்டுப் பார்க்கிறேன்.

வந்துவிட்டது அம்மா. வாயில் தாழை. தானாகப் போய், கொஞ்சம் தள்ளி மேய்ந்துவிட்டு, தானாகவே வள்ளத்துக்குத் திரும்பி வந்திருக்கிறது.

நீ நூறு வருஷம் நன்றாக இரு. பயலுக்கு என் முத்தம். பதிலை நீ உன் கையால் எழுது, போனில் வேண்டாம். பெரிய எழுத்தாக எழுது. நானே படிப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
சே. கூரிராசு
(இரண்டாவது கையெழுத்து. இது சந்தோஷமாகப் போட்டது.)