இரண்டு நாள் ஊறிய படகு

போன வாரம் நான் கட்டியிருந்த கஞ்சி போட்ட பருத்திப் புடவையை இரண்டு முறை துவைத்தாயிற்று. குங்கிலிய வாடை இன்னும் போகவில்லை. மீன் எண்ணெயில் குங்கிலியத்தைப் போட்டுக் காய்ச்சும்போது எழும் அந்த வாடையை உங்கள் சட்டைகளிலிருந்து விரட்ட நாற்பத்தொரு வருடம் பாடுபட்டவள் நான். எந்த சோப்புக்கும் அது மசிந்ததில்லை. பால்கனிக் கொடியில் புடவை ஆடிக்கொண்டிருக்கிறது. மூன்றாவது முறை துவைக்க மனம் வரவில்லை. உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

செம்பூரில் நம் வீட்டிலிருந்து ஆட்டோவில் இருபது நிமிடத்தில் போய்விடலாமே, அந்த மீனவர் குடியிருப்பில், ஹோலிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மரப்படகு விழா நடந்தது. நீங்கள் இருந்தபோது இப்படி ஒன்று கிடையாது. அங்கே தலைமுறைகளாக இருக்கும் கோலி இன மீனவர்கள் தாங்களே கூடி நடத்துகிறார்கள். கரையில் மூன்று புதுப் படகுகளுக்கு அடிமரம் போட்டிருந்தார்கள். அவற்றில் ஒன்றின் முகப்பு வளைவு சரியா தவறா என்று இரண்டு மேஸ்திரிகள் சில நாளாகவே சண்டை போட, கூட்டம் சுற்றி நின்று பார்த்தது. நீங்கள் மட்டும் இருந்திருந்தால் மூன்றாவது ஆளாகப் போய் நின்று, இருவர் சொல்வதும் தவறு என்றிருப்பீர்கள்.

ஊர்வலத்தில் முதலில் போகவேண்டியது அந்தக் குடியிருப்புச் சுனந்தாவின் படகு. ஓய்வு பெற்ற பிறகு நீங்களும் உங்களோடு வேலை பார்த்த தாராவி முருகனும் அவள் அப்பாவுக்காக அடியிலிருந்து புதுப்பித்துக் கொடுத்தீர்களே, அதே படகுதான். அப்பா போனபின் சுனந்தாதான் அதைத் தொழிலுக்கு அனுப்புகிறாள். விழாவுக்கு அழகாக இருக்கட்டும் என்று இரண்டு மாதம் கரையேற்றி வைத்துச் சாயம் பூசியிருக்கிறார்கள். வெயிலில் நிற்கும் மரம் சுருங்காதா? வியாழக்கிழமை காலை முருகன் போன் செய்தான்.

"மதினி, பலக இடுக்கெல்லாம் வாயப் பொளந்துட்டு நிக்கி. நகம் உள்ள போவுது. இவனுவ கல்லா இறுகுத பசைய டப்பா டப்பாவா வாங்கி வச்சிருக்கானுவ. நான் சொன்னா எவன் கேக்கான்? நீங்க ஒரு எட்டு வந்துட்டுப் போங்க."

"நான் வந்து என்ன செய்ய, முருகா? நான் தச்சரா?"

"நீங்க இங்கிலீசுல பேசுனா பயப்படுவானுவ மதினி. வாங்க."

போனேன். அந்த டப்பாக்களைப் பார்த்தவுடன் எனக்கு ஷிவ்ரி ஞாபகம் வந்தது.

நமக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருடம். ஷிவ்ரியில் ஒரு படகுப் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தீர்கள். பலகை இடுக்குகளில் எண்ணெயில் நனைத்த பஞ்சுத் திரியை உளியும் கொட்டாப்புளியும் வைத்து அடித்து இறக்கும் வேலையைக் கலப்பத்து என்பீர்கள். தூத்துக்குடியில் அதில் உங்களை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு உங்களுக்கு. அதைப் பம்பாய்க்காரர்களுக்குக் காட்டவேண்டும் என்ற வேகம். நல்ல மே மாத வெயிலில், சுருங்கிக் கிடந்த பலகைகளுக்கு நடுவே, ஒரு சரக்குப் படகு முழுக்கத் திரியை இறுக்கித் தள்ளினீர்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வராது என்றீர்கள். வரவும் இல்லை. நாலாம் நாள் பலகைகள் ஊறி, உப்ப இடமில்லாமல் ஒன்றையொன்று நெருக்கி, மூன்று விலாச்சட்டங்கள் முறிந்தன.

பட்டறை மேனேஜர் ஆங்கிலத்தில் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார். மாட்டுங்காவில் என் அப்பா வாங்கித் தந்த டைப்ரைட்டரில் நான்தான் அடித்தேன். மரம் தரமில்லாததால் சட்டங்கள் முறிந்தன என்று அடித்திருந்தேன். தமிழில் சொல்லச் சொன்னீர்கள். சொன்னேன்.

"அப்பிடியா எழுதிருக்க?"

"உங்களுக்கு வேலை இருக்க வேண்டாமா?"

"மரம் என்ன தப்பு செஞ்சிச்சு, கான்வென்ட்டு? தண்ணியப் பாத்தா அது ஊறத்தான செய்யும். எடம் வைக்காம அடிச்சவன் நாந்தான. அத அடி."

"கார்பன் வைத்து மூன்று காபி எடுத்தாயிற்று."

"கிழிச்சிப் போட்டுட்டு மறுபடி அடி. ஒங்க சிஸ்டர்மாரு பொய் சொல்லவா படிச்சிக் குடுத்தாங்க?"

அன்று உங்கள்மேல் எனக்கு வந்த கோபம் சாதாரணமானதல்ல. வேலை போனால் திரும்ப என் அப்பா வீட்டு வாசலில்தான் நிற்கவேண்டும். ஆனாலும் அடித்தேன், ஒரு எழுத்துப் பிழை இல்லாமல். மேனேஜர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, இனி இந்தப் பட்டறையில் கலப்பத்து எல்லாம் இவர் பார்வையில்தான் நடக்கவேண்டும் என்றார். அதன்பிறகு நீங்கள் கொடுத்த ஒவ்வொரு அறிக்கையின் கடைசியிலும் ஒரே வாக்கியத்தைச் சேர்க்கச் சொன்னீர்கள். பலகைகள் ஊற இரண்டு நாள் தரவேண்டும், அதற்குள் தண்ணீர் வந்தால் அடைக்கக் கூடாது. எத்தனை முறை அடித்தேன் என்று எனக்கே தெரியாது. அடிக்கும்போதெல்லாம் அலுத்துக்கொண்டேன்.

அந்த வாக்கியத்தைத்தான் வியாழக்கிழமை கரையில் நின்று சுனந்தாவிடம் சொன்னேன். பசையைத் தொடாதே, உப்பங்கழியில் இறக்கிவிடு, தண்ணீர் நிறையட்டும், மூழ்கினாலும் மூழ்கட்டும் என்றேன். பக்கத்தில் நின்ற அவளுடைய சித்தப்பா இந்தியில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"விழான்னா படகை மிதக்க விடுவாங்க. மேடம் முங்கவைக்கச் சொல்றாங்க."

சிரிப்பு அடங்கியபின் அவர் ஒரு நிபந்தனை போட்டார். ஞாயிறு காலை படகில் தண்ணீர் இருந்தால் அவருடைய பைபர் படகுதான் முதலில் போகும். விழா முடிந்ததும் இந்தப் படகுக்கும் வெளியே பைபர் போர்த்திவிடவேண்டும், சுனந்தா மறுக்கக் கூடாது. போர்த்திவிட்டால் உள்ளே மரம் புழுங்கி அழுகும் என்பீர்கள். எனக்கு அதைவிட வேறொன்று உறுத்தியது. நீங்கள் இழைத்த பலகையில் ஒன்றுகூட அப்புறம் யார் கண்ணுக்கும் தெரியாது.

என்னைச் சித்தி முறையில் மாவ்ஷி என்று கூப்பிடும் சுனந்தா என்னைப் பார்த்தாள். "மாவ்ஷி, நிச்சயமா?"

"அவர் சொன்னது. இரண்டு நாள்."

உங்கள் பெயரில் வாக்குக் கொடுத்துவிட்டேன். ஒரு படகு ஊறி அடைவதை என் கண்ணால் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ரொம்பவும் விட்டுப்போன நாலைந்து இடங்களில் மட்டும் முருகன் குங்கிலிய எண்ணெயில் தோய்த்த திரியை இளக்கமாக வைத்தான். நான் திரியைப் பிரித்துப் பிரித்து நீட்டினேன். மதியக் கடல் ஏற்றத்தில் படகை இறக்கினார்கள். அரைமணி நேரத்தில் அது நிறைந்து அமிழ்ந்து, முகப்பில் வரைந்த கண் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது.

மறுநாளிலிருந்து குடையும் பிளாஸ்கில் காபியுமாகப் படித்துறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மீன் கூடையோடு போன பெண்கள் பாட்டி என்று கூப்பிட்டுக் கேலி செய்யாமல் விடவில்லை.

"என்ன ஆஜி, படகுக்குக் குளியலா?"

"ஆமா, எண்ண தேச்சிக் குளிக்கி. சீயக்காய் கொண்டாங்க" என்று முருகன் தாராவி இந்தியும் திருநெல்வேலித் தமிழும் கலந்து பதில் சொன்னான்.

வெள்ளிக்கிழமை கடல் இறங்கி விளிம்பு வெளியே வந்ததும் இறைத்துப் பார்த்தபோது தண்ணீர் பத்து நிமிடத்தில் திரும்ப நிறைந்தது. சனிக்கிழமை காலை வேகம் குறைந்தது. சனிக்கிழமை மாலையில் இறைத்தபோது மெதுவாக, ஆனால் நிற்காமல், கணுக்கால் அளவுக்கு ஏறிவிட்டது. சித்தப்பாவின் ஆட்கள் பைபர் படகுக்குச் சாமந்தி மாலை கட்ட ஆரம்பித்தார்கள். சுனந்தா வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். என்னிடம் ஏதாவது கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

வீட்டுக்கு வந்து உங்கள் போட்டோவுக்கு முன்னால் நின்றேன். இரண்டு நாள் என்றால் நாற்பத்தெட்டு மணி நேரமா, நாலு ஏற்றமா, இறக்கிய நாளைச் சேர்த்தா சேர்க்காமலா? இவ்வளவு முக்கியமான வாக்கியத்தை இப்படியா மொட்டையாக விடுவது? கண்டிப்பாகவே கேட்டேன். நீங்கள் வழக்கம்போல் எனக்குப் பின்னால் இருக்கும் எதையோ பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

ஞாயிறு விடிந்ததும் ஆட்டோ பிடித்தேன். முருகன் உள்ளே இறங்கி வாளி வாளியாக இறைத்து, மிச்சத்தைத் தன் துண்டால் ஒற்றி எடுத்துவிட்டு, நடுப்பலகையில் உட்கார்ந்துகொண்டான். சித்தப்பா கடிகாரத்தைப் பார்த்து, ஒரு மணி நேரம் என்றார். கரையில் இருந்தவர்கள் கைவேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். சண்டைக்கார மேஸ்திரிகள் இருவரும்கூட அருகருகே நின்றார்கள்.

நேரம் ஆனதும் சுனந்தா புடவையை வரிந்துகொண்டு இறங்கினாள். அடிப்பலகைகளின் மேல் முன்னிருந்து பின்வரை உள்ளங்கையை வைத்து இழுத்துக்கொண்டே போனாள். நிமிர்ந்து, கையை விரித்து எல்லோருக்கும் காட்டினாள். கையில் ஈரம் இல்லை.

 சித்தப்பா தன் படகுக்குப் போய், மாலையைத் தானே அவிழ்த்து எடுத்துவந்து இந்தப் படகின் முகப்பில் கட்டினார். முடிச்சைப் போட்டபடியே என் பக்கம் பார்த்தார்.

"மேடம், அடுத்த வருஷம் ஹோலிக்கு முந்தியே முங்க வச்சிரலாம்."

"எழுதிக் கொடுங்கள்" என்றேன்.

நாற்பத்தொரு வருடம் நீங்கள் படகைப் பற்றிப் பேசியதில் பாதியை நான் காதிலேயே வாங்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். உங்கள் வாக்கியங்களைத் திருத்துவதில் இருந்த கவனம் அவற்றைக் கேட்பதில் இருந்ததில்லை. ஆனால் எல்லாம் உள்ளே போய்ச் சேர்ந்திருக்கிறது. எந்த மரம் உப்புத்தண்ணீருக்குத் தாங்கும், எந்த ஆணியைக் கழியில் ஓடும் படகுக்கு அடிக்கக் கூடாது என்று நேற்றுக்கூட முருகனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் மறுக்கவில்லை.

என்னை முதல் படகிலேயே உட்காரவைத்தார்கள். மேளத்தோடு படகுகள் கழியைத் தாண்டின. பக்கத்தில் விழாவைப் பற்றி எழுத வந்திருந்த ஒரு பெண், கையில் நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். நான் யார், இந்தப் படகுக்கு என்ன சொந்தம் என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

உங்களிடம் இதை நான் சொன்னதில்லை. மாட்டுங்காவில் கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால், என் கணவர் ஷிப்பிங்கில் இருக்கிறார் என்றுதான் சொல்லிவந்தேன். முழுப் பொய் இல்லை என்று சமாதானமும் வைத்திருந்தேன்.

அந்தப் பெண்ணிடம் நிறுத்தி நிதானமாக, தெளிவாகச் சொன்னேன். "என் கணவர் படகுத் தச்சர். நீங்கள் கால் வைத்திருக்கும் பலகை அவர் இழைத்தது." அவள் உங்கள் பெயரைக் கேட்டாள். எழுத்து எழுத்தாகச் சொல்லி, நோட்டை வாங்கிச் சரிபார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தேன்.