ஒரே மாதிரி ஜாடிகள்

டெலோரஸுக்கு,

நலமா என்று கேட்க மாட்டேன். நான் சொல்லச் சொல்ல எழுதுவது பக்கத்து வீட்டு வெர்லீன். "கொஞ்சம் தணிவாச் சொல்லுங்க மாமா" என்கிறாள். எனக்குத் தணிவு வரவில்லை.

சிகாகோவிலிருந்து வந்தாய். சோள மாவு, உப்பு, சர்க்கரை, சமையல் சோடா எல்லாம் புதிதாக வாங்கினாய். ஒரே மாதிரிக் கண்ணாடி ஜாடிகளில் கொட்டிப் பெயர் எழுதி ஒட்டினாய். அம்மாவின் பழைய டப்பாக்களையும், அடுப்போரத்துப் பன்றிக் கொழுப்பு டப்பாவையும் குப்பை வண்டியில் ஏற்றினாய். "ச்சீ, எந்தக் காலத்துக் கொழுப்புப்பா இது!" என்றாய். அதில் பொரித்ததைத் தின்றுதான் வளர்ந்தாய்.

கண் போன பிறகு அந்தச் சமையலறையில் மட்டும்தான் உன் அம்மா யார் கையையும் பிடிக்காமல் நடந்தாள். தடவிப் பார்த்தே எடுப்பாள்: மூடி நசுங்கியது உப்பு. பிடி உடைந்தது சர்க்கரை. ருசி பார்க்கும் வழக்கமே அவளுக்கு இல்லை.

ஞாயிறன்று பாதிரியார் சாப்பிட வந்தார். சோள ரொட்டியில் உப்புக்குப் பதில் சர்க்கரை. "என்ன சிஸ்டர், கேக் சுட்டுட்டீங்க!" என்று சிரித்தார். நம் வீட்டுச் சோள ரொட்டி ஒருநாளும் இனித்ததில்லை. அன்றிலிருந்து அவள் அடுப்பருகே போகவில்லை.

"பேரைப் பாத்து எடுத்துக் குடுக்க நீங்க இல்லையாப்பா?" என்று போனில் கேட்டாய். தேவாலயத்தில் நான் பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பிடித்திருப்பேனே, அத்தனையும் மனப்பாடம், பெண்ணே. ஓர் எழுத்தும் எனக்குப் படிக்கத் தெரியாது.

ஜாடிகளை வந்து எடுத்துப் போ. விதவிதமான தகர டப்பாக்கள் வாங்கி வா. நசுக்க இங்கே சுத்தியல் இருக்கிறது.

கோபம் ஆறாத
உன் அப்பா