நாசி லெமாக் வாங்கப் போன அப்பா

பாசிர் கூடாங்,
வியாழக்கிழமை.

அன்பு மகள் பிரவீனாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம், அந்தக் குளிர் ஊரில் நீயும் நலமாக இருக்க அம்மன் துணை. நலம் என்ற வார்த்தையை இந்த முறை கைப்பழக்கத்தில் எழுதவில்லை பாப்பா, உள்ளே போய் உன் அப்பாவை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். பதறாதே. சோபாவில் உட்கார்ந்து சட்னியில் காரம் இல்லை என்று என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறார், அந்த அளவுக்கு நன்றாக இருக்கிறார்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் அப்பா மோட்டார் சைக்கிளோடு விழுந்துவிட்டார். தோள்பட்டை எலும்பில் விரிசல், முழங்காலில் ஏழு தையல், வேறொன்றும் இல்லை. உன்னிடம் சொல்லவே கூடாது என்று அவர் கட்டளை, எனக்கும் போனில் சொன்னால் பாதியில் அழுகை வந்துவிடும், அதனால்தான் இந்தக் காகிதம். முப்பத்தொரு வருஷம் ரசாயனத் தொட்டிக்குள் இறங்கிக் கழுவிய மனுஷன், ஒவ்வொரு ஷிப்டுக்கும் கம்பெனி பஸ் திரும்பி வரும்வரை நான் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கீறல் இல்லாமல் போன மாதம் ஓய்வு பெற்று வந்தார், அப்பாடா என்று நானும் கோயிலில் பொங்கல் வைத்தேன். அப்படிப்பட்டவர் காலைப் பசியாற நாசி லெமாக் வாங்க முனைக் கடைக்குப் போய், லாரி சிந்திவிட்டுப் போன மணலில் சறுக்கி விழுந்தார் என்றால் யாரிடம் போய்ச் சொல்வது. பக்கத்து வீட்டு மூர்த்திதான் வேனில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். "அக்கா, அண்ணன் விழுந்துட்டாரு, ஆனா பேசுறாரு" என்று மூர்த்தி வந்து சொன்னபோது, விழுந்துட்டாரு மட்டும்தான் என் காதில் ஏறியது.

இப்போது உன்னிடம் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். யுத்தத்தில் தப்பித்து விபத்தில் செத்த விமானிகளைப் பற்றி நீ ஆராய்ச்சி செய்கிறாய் என்றதும் நான் எவ்வளவு பேசினேன், வேறு படிப்பே கிடைக்கவில்லையா, வெள்ளிக்கிழமை அதுவுமாகச் செத்தவன் பெயரை வீட்டில் சொல்லாதே என்று போனையே வைத்திருக்கிறேன். அப்பாதான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். இருபது விமானங்களைச் சுட்டு வீழ்த்திய பையன், சண்டை முடிந்து ஊருக்கு வந்து, வீட்டுப் பக்கத்துச் சந்தில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டுப் போனானே, அந்தக் கதையைச் சொல்லி நீ ஹெல்மெட் போடச் சொன்னதற்கு மட்டும் "நான் என்ன பைலட்டா" என்று சிரித்தார். செவ்வாய்க்கிழமையும் ஹெல்மெட் இல்லாமல்தான் கேட் வரைக்கும் போனார் பாப்பா, பக்கத்துக் கடைதானே. பிறகு மோட்டாரை அணைக்காமலே திரும்பி வந்து, "அலமாக், உன் மவளோட பைலட்டு விட மாட்டேங்குறான்லா" என்று முணுமுணுத்துக்கொண்டே மாட்டிக்கொண்டு போனார். நான் கேலிகூடச் செய்தேன். அந்த ஹெல்மெட் இப்போது இரண்டாக வெடித்துச் சாமி மேடைக்குக் கீழே கிடக்கிறது, தூக்கிப் போட மனசு வரவில்லை. டாக்டரம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "நசிப் பாய்க், அங்கிள்" என்று அவர் கையைத் தட்டிக்கொடுத்தார். நல்ல அதிர்ஷ்டமாம். எனக்கல்லவா தெரியும் அது யார் என்று.

நீயும் பனியில் சைக்கிளில் போகிறவள், தலைமுடி கலைந்துவிடும் என்று ஹெல்மெட்டைப் பையில் வைத்துக்கொள்கிற ஆள், உன்னை எனக்குத் தெரியாதா. நேரத்துக்குச் சாப்பிடு. அப்பா போன் பண்ணினால் எதுவும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. தீர்க்காயுசாக இரு, எடுத்த படிப்பை நன்றாக முடி, இதை மனசாரச் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் மறக்காதே. கோயிலில் அந்தப் பைலட் பையனுக்கு மோட்ச தீபம் ஏற்ற வேண்டும். அவனைப் பெற்றவளும் சண்டை முடிந்தது என்று அப்பாடா சொல்லியிருப்பாள், பாவம். குருக்கள் நட்சத்திரம் கேட்டார், வெள்ளைக்காரப் பையனுக்கு நட்சத்திரத்துக்கு நான் எங்கே போவேன் என்றேன், "பேரு போதும்மா" என்றார். அந்தப் பெயரை நீ சொல்ல வந்தபோதுதான் நான் போனை வைத்துவிட்டேன். குருக்கள் வாயில் நுழைகிற மாதிரி தமிழில் எழுத்துக்கூட்டி அனுப்பு, வந்து சேர்ந்ததும் ஒரு வெள்ளிக்கிழமையாகப் பார்த்து நானே சொல்கிறேன்.

ஆசிகளுடன்,
உன் அம்மா