ரோமம் உள்ள ஊசிப்புல்

திருத்தணி,
4.11.2024

தபிதாள்,

அன்பு விசாரிப்பெல்லாம் நமக்குள் முடிந்துபோனதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். போனில் என் எண்ணை நீ தடுத்து வைத்திருப்பதால் தபாலில்.

இன்று கல்லூரியில் எல்லார் முன்னாலும் லேப் அட்டெண்டர் சேட்டு கேட்டார்: "இன்னா சார், மலைமேல நீங்க கண்டுபுடிச்ச ஊசிப்புல்லுக்கு உங்க ஊட்டம்மா பேரு வெச்சீங்களே, அது புதுசே இல்லன்னு அவங்களே சென்னைல மீட்டிங்ல சொல்லிகினு இருந்தாங்களாமே?"

அத்தனை பேரும் சிரித்தார்கள். கல்யாணமான வருஷம் உனக்கு நான் கொடுத்த பெயர் அது. என்மேல் இருக்கும் ஆத்திரத்தைப் போயும் போயும் ஒரு புல்லிடம் காட்டியிருக்கிறாய்.

சத்தியநாதன்


அரக்கோணம்,
9.11.2024

திரு. சத்தியநாதன் அவர்களுக்கு,

ஆத்திரம் இருக்கிறது. அதைச் சென்னையில் நான் வாசித்த கட்டுரையில் கலக்கவில்லை.

உமியில் ரோமம் இருந்தால் உங்கள் புல், வழவழப்பாக இருந்தால் சாதாரண ஊசிப்புல். நீங்கள் எழுதிய வித்தியாசம் அவ்வளவுதான். அதே சரிவிலிருந்து இரண்டையும் வேரோடு கொண்டுவந்து மாடியில் பக்கத்துப் பக்கத்துத் தொட்டியில் வைத்தேன். தினமும் தண்ணீர் விட்டேன். புதுக் கதிர் இரண்டிலுமே ரோமம் இல்லை. தண்ணீரைக் குறைத்தேன், அடுத்த கதிர் இரண்டிலுமே இருந்தது. பாறை இடுக்கில் காய்ந்துகிடந்த புல்லைத் தனி இனம் என்று எழுதிவிட்டீர்கள்.

மறுப்பு இருந்தால் பத்திரிகைக்கு எழுதுங்கள். எனக்கு வேண்டாம்.

தபிதாள்


திருத்தணி,
15.11.2024

தபிதாள்,

மொட்டை மாடியில் இரண்டு தொட்டி வைத்தால் ஆராய்ச்சியா? குரோட்டன்ஸ் வளர்க்கிறவர்களெல்லாம் விஞ்ஞானிகளா?

மூன்று வருஷமாக விவாகரத்துக்காகக் கோர்ட்டுக்கு நடக்கிறாய். நான் சம்மதிக்கவில்லை. கட்டுரையை வாபஸ் வாங்கு, அடுத்த வாய்தாவிலேயே சம்மதம் சொல்லிவிடுகிறேன். அம்மா கேட்கிறாள்: "கட்டினவன் ஆசையா வெச்ச பேரை அழிக்கிறாளே, இவ ஒரு பொம்பளையா?" உன்னிடம் பதில் இருக்கிறதா?

சத்தியநாதன்


அரக்கோணம்,
22.11.2024

திரு. சத்தியநாதன் அவர்களுக்கு,

இருக்கிறது. அத்தையிடம் சொல்லுங்கள், அந்தப் பெயர் நிலைக்க வேண்டுமென்று அவர்களைவிட நான்தான் ஆசைப்பட்டேன். இரண்டு தொட்டியிலும் ரோமம் வந்த அன்று, எங்கேயோ தப்பு செய்திருக்கிறேன் என்று மறுபடி மலைக்குப் போய்ப் புதிதாகக் கொண்டுவந்து நட்டேன். அப்போதும் அதேதான். அன்று ராத்திரி சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஆனால் அந்தப் புல்லை முதலில் பார்த்தது யார்? புடவை ஓரமெல்லாம் ஊசி குத்தியிருக்க, நான்தான் குனிந்து பிடுங்கி, "இங்க பாருங்க, இதுல மட்டும் முடி இருக்குது" என்று உங்களிடம் நீட்டினேன். கண்டவர் என்ற இடத்தில் உங்கள் பெயரைப் போட்டுக்கொண்டு, என் பெயரைப் புல்லுக்கு வைத்தீர்கள். சபையில் எல்லாரும் எவ்வளவு பிரியமான புருஷன் என்றார்கள். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

உங்கள் சம்மதம் வேண்டாம். வருஷக்கணக்கில் இழுத்தாலும் கோர்ட்டுக்கு நடக்கிறேன். கட்டுரை அச்சுக்குப் போய்விட்டது. புல்லுக்கு இனி ஊரறிந்த பழைய பெயர்தான். எழுதியவர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது, உங்கள் பெயர் ஒட்டாமல்.

இனி எதுவானாலும் வக்கீலுக்கு எழுதுங்கள்.

தபிதாள்