முதல் செக்டர்

13 மார்ச் 1995, திங்கள்

காலை பத்து மணிக்குக் கம்ப்யூட்டரைப் போட்டேன். எண்கள் ஓடி முடிந்து, ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக்கிக்கொண்டு நின்றது. நான்கு முறை அணைத்துப் போட்டும் அதே கோடு.

உமாதேவியின் ஆய்வேடு உள்ளே இருக்கிறது. பட்டுப்புழு வளர்ப்பு, ஏழு அத்தியாயம், இரண்டு மாதமாக நான் அடித்தது. இருபதாம் தேதி பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும். பிளாப்பியில் நகல் இருப்பது மூன்று அத்தியாயத்துக்கு மட்டும்.

டிடிபி கடை முதலாளி லிங்கப்பன் கேட்டார்: "வைரஸ்ஸா? யாரு இங்கே கேம் ஆடறது?"

என்னோடு வேலை செய்யும் தொட்டையன் அண்ணனின் மேசையைப் பார்த்தேன். அதுவே போதுமானதாக இருந்தது.

14 மார்ச்

தொட்டையன் அண்ணனை இனி வர வேண்டாமென்று முதலாளி சொல்லிவிட்டார். நியாயம்தான். நியாயம்தானே? சாப்பாட்டு வேளையில் கட்டம் அடுக்கும் விளையாட்டு ஆடுவார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பிளாப்பி, கேட்டால், "அத மட்டும் தொடாதீங்க அம்மணி." மறைக்க ஒன்றுமில்லை என்றால் ஏன் அப்படி?

15 மார்ச்

பெங்களூர் எஞ்சினியர் லிங்கப்பனிடம் போனில் வழி சொன்னாராம். அவர் கன்னடம் கலந்து எனக்கு விளக்கினார்: "நோடம்மா, பாரு, ஒரே லைன். பூட் ரெகார்டைப் புதுசா எழுதிடும்." கம்ப்யூட்டர் கிளம்பும்போது டிஸ்க்கில் முதலில் படிக்கும் பகுதிதான் பூட் ரெகார்டாம். நாளை நான்தான் அடிக்க வேண்டும். உமாதேவி மத்தியானம் முழுக்க என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "ஏதாவது செய் பூங்குழலி. எங்க கைடு இன்னொரு நாள்கூடத் தரமாட்டாரு."

மாலை பஸ் நிறுத்தத்தில் தொட்டையன் அண்ணன் எனக்காகக் காத்திருந்தார். எஞ்சினியர் சொன்ன வழி இவர் காதுக்கும் போயிருந்தது. யார் மூலமோ?

"அந்த லைன அடிச்சுப்போடாதீங்க. மொதல்ல சுத்தமான பிளாப்பில கெளப்பி, சி டிரைவ் தெரியுதான்னு பாருங்க. தெரியலீன்னா, எந்தப் பகுதி எங்க இருக்குதுங்கற பட்டியலையே வைரஸ் தூக்கி வேற எடத்துல வெச்சிருக்குதுன்னு அர்த்தம். அதும்மேல புதுசா எழுதுனா அந்தப் புள்ளையோட படிப்பு போச்சுங்க."

சட்டைப் பையிலிருந்து அந்தப் பிளாப்பியையே எடுத்து நீட்டினார். கூடவே ஒரு சீட்டு. முதல் வரி: 'படி. எழுதாதே.'

வாங்கிக்கொண்டேன். நன்றி சொல்லவில்லை. தன் குற்றம் வெளிவராமலிருக்க ஏதாவது கலந்து தருகிறாரோ?

16 மார்ச்

எஞ்சினியரையும் நம்பவில்லை, இவரையும் நம்பவில்லை. ஆகவே பார்ப்பது மட்டும் என்று வைத்துக்கொண்டேன். அவர் தந்த பிளாப்பியில் எதுவும் எழுத முடியாதபடி மூலைத் துளை திறந்தே இருந்தது. அதில் கிளப்பி, 'C:' என்று அடித்தேன்.

அப்படி ஒரு டிரைவே இல்லை என்றது.

அவர் சொன்னதேதான். அந்த ஒரு லைனை அடித்திருந்தால்—

சீட்டில் உள்ளபடி, டிஸ்க்கின் தொடக்கத்திலுள்ள செக்டர் எனும் சிறு துண்டுகளை ஒரு புதுப் பிளாப்பியில் நகலெடுத்தேன். தப்பு நடந்தால் திரும்பி வர வழி வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகப் படித்தேன். பூட் ரெகார்ட் இருக்க வேண்டிய முதல் செக்டரில் வெறும் குப்பை. ஏழாவதில், ஓரத்தில், படிக்கக்கூடிய ஆங்கிலம்: 'Missing operating system'. அந்தப் புலம்பல் நல்ல பூட் ரெகார்டில்தான் இருக்குமாம். அதையும் நம்பாமல் பக்கத்துக் கம்ப்யூட்டரின் முதல் செக்டரோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டேன். கடைசியிலிருந்த பட்டியலைத் தவிர எல்லாம் ஒன்று.

சீட்டின் கடைசி வரிப்படி, ஏழாவதை முதலாவதன் மேல் எழுதினேன். அணைத்தேன். போட்டேன்.

வந்துவிட்டது. ஏழு அத்தியாயமும்.

17 மார்ச்

கடையிலுள்ள பிளாப்பி எல்லாவற்றையும் சோதித்தேன். தொட்டையன் அண்ணனுடையது சுத்தம். விளையாட்டுப் பிளாப்பியும் சுத்தம். உமாதேவி பல்கலைக்கழகத்தில் திருத்திக் கொண்டுவந்த நான்காம் அத்தியாயப் பிளாப்பியில்தான் அதே குப்பை.

அதில் புரோகிராம் எதுவும் கிடையாதே, வெறும் எழுத்துதானே? கையேட்டைப் புரட்டினேன். கம்ப்யூட்டர் உயிர்பெறும்போது அந்தப் பிளாப்பி டிரைவில் கிடந்தாலே போதுமாம்.

போன சனிக்கிழமை கடை மூடும் நேரம் கரண்ட் போய் வந்தது. கம்ப்யூட்டர் தானாகவே கிளம்பி, இந்த டிஸ்க்கில் கிளம்ப முடியாது என்றது. நான் உள்ளே கிடந்த அந்தப் பிளாப்பியை உருவிக்கொண்டு அணைத்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினேன். அன்று இதை இங்கே எழுதவில்லை. எழுதும்படியான விஷயமாகத் தோன்றவில்லை.

நான்.

20 மார்ச்

ஆய்வேட்டைக் கொடுத்தாயிற்று. லிங்கப்பனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஹோக்லி பிடு அம்மா, போகட்டும் விடு, மெஷின் ஓடுதில்ல?" என்றார். தொட்டையன் அண்ணனைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடச் சொன்னேன். அவர் நஞ்சன்கூட்டில் ஒரு ரிப்பேர் கடையில் சேர்ந்துவிட்டாராம்.

1 ஏப்ரல், சனி

நஞ்சன்கூடு போனேன். மன்னிப்புக் கேட்கப் பஸ்ஸில் மூன்று வாக்கியம் தயார் செய்திருந்தேன். முதல் வாக்கியத்திலேயே, "தெரியுமுங்க," என்றார். "அந்தச் சனிக்கெழம நீங்க பிளாப்பிய உருவுனப்ப நான் எதிர்லதான நின்னுட்டிருந்தேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே அண்ணா?"

திருப்புளியைக் கீழே வைத்தார். "சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

நம்பியிருக்க மாட்டேன் என்றேன். அவர் காலால் ஒரு ஸ்டூலை என் பக்கம் தள்ளினார்.