மறுக்கவில்லை, பதில்தான் வரவில்லை

புனே

அன்புள்ள அம்மாவுக்கு,

சந்தனச்செல்வி எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா?

போன வாரம் ஆபீசில் ஒரு கூத்து, பயப்பட ஒன்றுமில்லை. கிடங்குகளுக்குள் லாரிகளை அனுமதிக்கும் செயலியை நாங்கள்தான் கவனிக்கிறோம். நம் முத்தையாபுரம் பக்கத்துக் கிடங்கு வாசலிலிருந்து மந்திரமூர்த்தி என்ற டிரைவர் போன் செய்தார்.

"மேடம், அனுமதி மறுப்புன்னு வருது. என் லைசென்ஸ ரத்து பண்ணிட்டாவளா? கேட்டுல நிக்க காவக்காரன் என்னையத் திருடன் மாதிரி பாக்கான்."

பார்த்தால், அனுமதியைச் சரிபார்க்கும் வெளியூர் சர்வர் பதிலே சொல்லவில்லை. எந்தக் கோளாறு வந்தாலும் மறுப்பு என்றே காட்டும்படி நிரலை எழுதியிருந்தார்கள்.

"அண்ணாச்சி, ஒங்கள யாரும் மறுக்கல. சர்வர்தான் பேசமாட்டேங்கு" என்றேன்.

"ஏளா, நீ நம்ம ஊர்ப் பிள்ளையா?" என்று சிரித்துவிட்டார்.

கிடங்கு அதிகாரியிடம் பேசி வண்டியை உள்ளே விடச் செய்தேன். பிறகு, பதில் வராததற்கு ஒன்று, உண்மையான மறுப்புக்கு ஒன்று எனத் தனித்தனி எக்ஸெப்ஷன், அதாவது கோளாறு வந்தால் என்ன காட்ட வேண்டும் என்ற விதி, எழுதினேன். இப்போது சர்வர் பேசாவிட்டால், "தொடர்பு கிடைக்கவில்லை. உங்கள் அனுமதியில் குறை இல்லை" என்று தமிழிலேயே வரும்.

நேற்று அவரே மறுபடி கூப்பிட்டார். "சர்வர் இன்னைக்கும் படுத்துட்டு தாயீ. ஆனா அந்தக் காவக்காரனே சேர் போட்டு உக்கார வச்சான்." எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

இட்லிப் பொடி தீர்ந்துவிட்டது, அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் எழுத வேண்டாம், பேசியே அனுப்புங்கள் அம்மா. எவ்வளவு நீளமாக இருந்தாலும் கேட்பேன்.

ஆபீஸ் வண்டி ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன்.

உங்கள்
செல்வி