முக்கெல் உள்ளே வந்துவிட்டது

கோஸ்லார், ஜனவரி 14

என் அன்பே,

உன் கினிப்பன்றிகளில் லோட்டே போன வாரம் இறந்துவிட்டது. வயதுதான் காரணம், குளிர் இல்லை. நீ எழுதிவைத்துப் போன எதையும் நான் தவறவிடவில்லை. தோட்டத்துக் கூண்டில் முழங்கை ஆழத்துக்கு வைக்கோல், மேலே பழைய போர்வை, மூன்று வேளையும் வெதுவெதுப்பான தண்ணீர்.

இவை வந்த முதல் குளிர்காலம் ஞாபகம் இருக்கிறதா? என் சாம்பல் நிற ஸ்வெட்டரை வெட்டிக் கூண்டு வாசலுக்குத் திரை தைத்துவிட்டாய். நான் கத்தினேன். "உனக்குத்தான் உடம்பெல்லாம் கொழுப்பாச்சே, ஸ்வெட்டர் வேற எதுக்கு?" என்றாய். பனியில் நின்றுகொண்டு இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தத் திரை இன்னும் கிழியவில்லை.

இப்போது கூண்டில் முக்கெல் மட்டும்தான். ஒட்டிப் படுக்க இன்னொன்று இல்லாவிட்டால் எவ்வளவு வைக்கோல் போட்டாலும் குளிர் தாங்காது என்பாய். நேற்று பக்கத்து வீட்டு வீப்கே வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "அதைத் தூக்கிட்டு உள்ள போயேன்யா! நடுங்குறது அதுவா நீயான்னே தெரியல" என்றாள்.

தூக்கி வந்துவிட்டேன். சமையலறையில் உன் நாற்காலிக்கு அடியில் படுத்திருக்கிறது. குளிர்காலத்தில் ஒருமுறை உள்ளே வந்ததை வசந்தம் வரும்வரை வெளியே அனுப்பக் கூடாது; அது நீ போட்ட சட்டம்.

அக்டோபரில் உன்னைத் தங்கை வீட்டுக்குப் போகவைத்த என் பேச்சைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். பக்கம் முழுக்க முக்கெலே வந்துவிட்டது.

உன் தங்கை வீட்டிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம்தான். ஒருநாள் முக்கெலைப் பார்க்க வா. ஆனால் இது ஜனவரி. உன் சட்டத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு வா.

இப்படிக்கு,
ஸ்வெட்டரைப் பறிகொடுத்தவன்